தீர்த்தம் குடித்த தேசிமரம்

வெப்பமண்டலம் எங்கே இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், டென்மார்க்கில் கோல்டிங் நகரைத் தாண்டி, பன்றிப் பண்ணை ஒன்றைக் கடந்து, இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வேன். அங்கே ஒரு கண்ணாடிக்கூடம் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் நான் அதில் வேலை செய்தேன். மார்கழி விடியலில், காதுமடல் விறைக்கச் சைக்கிள் மிதித்துப் போய் அதன் கதவைத் திறந்தால், உள்ளே யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கை முகத்தில் அறையும். தோடை, தேசி என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சை, கொய்யா, குட்டை வாழை என்று எல்லாம் சாடிகளில் வரிசையாக நிற்கும். டேனிஷ்காரர் அவற்றை ஆசையோடு வாங்கிச் சென்று, வரவேற்பறையில் வைத்து, அடுத்த கோடை வருவதற்குள் சாகவிட்டு, வருத்தத்தோடு மறுபடியும் வாங்க வருவார்கள். எங்கள் தொழில் அந்தச் சாவுகளை நம்பி நடந்தது.

அங்கே மேற்பார்வையாளராக இருந்த டேனிஷ் பெண்மணி முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தார். சாடியில் நிற்கும் மரத்துக்கு நிலம் கிடையாது. நாம் கொடுப்பதுதான் அதன் நிலம். தரையில் நிற்கும் மரம் வேண்டாததை விட்டு விலகி வேரை வேறு பக்கம் அனுப்பும். சாடி மரத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கொடுத்தது நன்மையாயினும் தீமையாயினும் அது அங்கேயே கிடந்து சேரும். இலையைப் படிக்கவும் அவரே கற்றுத் தந்தார். இலை முழுவதும் மஞ்சளானால் ஒரு குறை. நரம்புகள் பச்சையாகவே நிற்க, இடைவெளி மட்டும் மஞ்சளானால் வேறு குறை: மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டது, இரும்புச்சத்து பக்கத்தில் இருந்தும் மரத்தால் அதை எடுக்க முடியவில்லை, அது பட்டினி கிடக்கிறது என்று பொருள். பத்தடி தூரத்தில் நின்று இதைச் சொல்வதற்கே எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

இவ்வளவு விரிவாக இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் செய்த காரியத்தை அறியாமையால் செய்தேன் என்று வாசிப்பவர் எவரும் எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது.

எங்கள் வீடு நகரத்தில், மூன்றாம் மாடியில். தெற்குப் பார்த்த அறையில் எப்போதும் வெப்பமூட்டியைத் திருகி வைத்திருப்போம். எங்களுக்காக அன்று, சன்னலோரத்தில் நின்ற சாடிகளுக்காக. ஒரு கொய்யா, மாங்கொட்டையில் இருந்து முளைத்த ஒரு மாங்கண்டு, கறிவேப்பிலை, நடுவே ஒரு தேசி. முதல் மூன்றும் என்னுடைய விளையாட்டு. தேசி என் மனைவியினுடையது. போர்நிறுத்த காலத்தில் நாங்கள் கிளிநொச்சிக்குப் போனபோது, அவருடைய தம்பி தன் வீட்டு வளவில் நின்ற மரத்தில் ஒரு தேசிக்காயைப் பிடுங்கி, பிழிந்து எங்களுக்குக் குடிக்கத் தந்தார். அவர் மணம் செய்யாதவர்; சைக்கிள் திருத்தும் கடை ஒன்றை வைத்திருந்தார். பிழிந்த காயின் விதைகளை என் மனைவி கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். ஊன்றிய ஐந்தில் ஒன்றே பிழைத்தது. வீட்டில் அதற்குத் தேசி என்ற பெயர் கிடையாது. தம்பியின்ர மரம் என்பதே பெயர்.

அதே அறையின் கிழக்கு மூலையில் எங்கள் சுவாமித் தட்டு இருந்தது. ஒரு சாண் உயரப் பித்தளை வேல் ஒன்று அதில் நின்றது. பண்ணோடு பதிகம் பாடச் சிறு வயதிலேயே பழக்கப்பட்டவன் நான். பழைய அடியார்களின் பாடல்கள் என் நாவில் தாமாகவே ஊறும்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெள்ளிதோறும் வேலுக்கு அபிஷேகம் செய்வேன். பால், தேன், இளநீர், சந்தனம், திருநீறு, கடைசியில் நீர். அபிஷேகம் செய்த தீர்த்தத்தை என்ன செய்வது என்பதில் எங்கள் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். கால் படும் இடத்தில் ஊற்றலாகாது. கழிவுநீர்க் குழாயில் விடவே கூடாது. ஒரு மரத்தடியில் சேர்ப்பிக்க வேண்டும். இந்த விதியை வகுத்தவர்கள் மூன்றாம் மாடியைப் பற்றி யோசித்திருக்கவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறைதானே, ஒரு செம்பில் ஏந்திப் படியிறங்கி, கட்டடத்தின் பின்னால் இருந்த வேலிச் செடிகளின் அடியில் ஊற்றிவிட்டு வருவேன். பல ஆண்டுகள் அப்படியே நடந்தது. எந்த மரமும் என்னால் கெடவில்லை.

பிறகு வன்னியில் போர் முடிந்த அந்த ஆண்டு வந்தது.

தை மாதத்தில் தம்பி கடைசியாகத் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அக்கா, இஞ்ச இருந்து வெளிக்கிடுறம். எங்க எண்டு தெரியாது. லைன் கிடைச்சா எடுக்கிறன்" என்றார். பின்னால் யாரோ ஒரு சாமானை ஏற்றச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவ்வளவுதான். லைன் பிறகு கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் என் மனைவி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தேசிமரத்தின் பக்கத்தில் போட்டார். அதிலிருந்தே செய்தி பார்த்தார், அதிலிருந்தே மரக்கறி வெட்டினார். இரண்டு நாள் கழித்து, என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மரம் பச்சையா நிக்குது. அப்ப அவனும் நிக்கிறான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நிமித்தம் பார்ப்பது அடியவர்க்கு உரியது அன்று என்றும், எல்லாவற்றையும் ஒருவன் திருவடியில் வைத்தவர்க்குச் சகுனம் எதற்கு என்றும், ஏறத்தாழக் கால் மணி நேரம், மேற்கோள்களோடு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் பாடுங்கோ" என்றார். "நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மறுநாளே தம்பிக்காக ஒரு நேர்த்தி வைத்தோம். அவர் வெளியே வந்து சேரும்வரை காலையும் மாலையும் வேலுக்கு அபிஷேகம் என்பது நேர்த்தி. இதில் நிமித்தம் எதுவும் இல்லை, இது தூய பக்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்கல் தீர்த்தத்தில்தான் வந்தது. வெளியே பனி இறுகிக் கிடந்தது. பின்பக்கப் படியில் நாளுக்கு இரண்டு முறை செம்போடு இறங்க என் முழங்கால் இணங்கவில்லை. மரத்தடி என்று பார்த்தால், வீட்டுக்குள்ளேயே நான்கு மரத்தடிகள் இருந்தன. நாலு சாடிக்கும் பகிர்ந்து ஊற்றலாம் என்று நான் எழுந்தபோது மனைவி மறித்தார்.

"அவனுக்கு எண்டு செய்த அபிசேகம். அது கொய்யாவுக்கு ஏன்?"

சாத்திர நுட்பத்தோடு யோசித்தபோதும் அவர் சொன்னதே சரியாகப் பட்டது. செம்பு முழுவதையும் தேசிக்கே ஊற்றினேன். ஊற்றும்போது பாடவும் செய்தேன்.

மாசி நடுவில் முதல் இலை மஞ்சளானது. நரம்புகள் பச்சையாக நிற்க, இடைவெளி மட்டும். பத்தடி தூரத்தில் இருந்தே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போடாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கூடத்தில் வேறொருவன் இப்படிச் செய்திருந்தால், அவனை மேசையருகே கூப்பிட்டு, திருநீறு என்பது சாம்பல், சாம்பல் என்பது சுண்ணாம்புக்குச் சகோதரன், இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரிலேயே போதுமான சுண்ணாம்பு இருக்கிறது, கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அது வேலைத்தலம். இது சுவாமியறை. ஒரே மனிதனுக்குள் இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இருக்கவில்லை.

மனைவியும் அந்த இலையைக் கண்டார்.

"இஞ்சேருங்கோ. அவனுக்கு ஏதோ கரைச்சல்."

"இலை எண்டால் பழுக்கும்தானே."

"செய்தியைக் கேட்டனீங்களோ? சனத்தை ஒரு துண்டுக் கடற்கரைக்குள்ள ஒதுக்கிப்போட்டாங்களாம். இன்னும் ஒரு வேளை கூட்டுங்கோ."

கூட்டினேன். மூன்று வேளையானது. சாடியின் மேல்மண்ணில் வெள்ளையாக ஒரு படை கட்டியது. சிறு கொசுக்கள் போன்ற பூச்சிகள் எழும்பிப் பறந்தன. புளித்த பால் மணம் அறையில் தங்கியது. அதன்மேல் சாம்பிராணிப் புகை போட்டோம். செய்தி மோசமாக மோசமாக மரமும் மோசமானது. என் மனைவிக்கு இது தெய்வத்தின் தந்திபோல் இருந்தது. எனக்கோ அந்தத் தந்தியை அடிப்பவன் யார் என்று தெரிந்திருந்தது. செய்தி கெட்டால் அபிஷேகம் கூடும். அபிஷேகம் கூடினால் மரம் கெடும். இரண்டுக்கும் நடுவில் நின்ற சங்கிலி நான்தான். பாடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் மகள் வார இறுதியில் வந்தபோது தாயின் கதிரைக்கு அருகே நின்று, டேனிஷில், "அம்மா, அது ஒரு செடி" என்றாள்.

"ஓம்" என்றார் தாய் தமிழில். "நீ ஒரு பிள்ளை. நான் உனக்கு ஏதும் சொன்னனானோ?"

பங்குனியில், ஓய்வு பெற்றிருந்த என் பழைய மேற்பார்வையாளர் கோப்பி குடிக்க வந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை அப்படி வருவது அவர் வழக்கம். கதிரையில் இருக்கும் முன்பே அவருடைய கண் சன்னலுக்குப் போய்விட்டது. நேரே போய் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். டேனிஷில் எல்லாரும் எல்லாரையும் நீ என்றே அழைப்பார்கள். அந்தச் சமத்துவம் அன்றுதான் எனக்குச் சுட்டது.

"இதற்கு என்ன கொடுக்கிறாய்?"

"தண்ணீர்."

"வேறு?"

"கொஞ்சம் பால்."

"பால்" என்றார், எனக்கு ஒருமுறை கேட்கட்டும் என்பதுபோல். "வேறு?"

"தேன். இளநீர். சந்தனம்."

"பிறகு?"

"சாம்பல்."

"எப்போதிருந்து?"

"தை மாதத்திலிருந்து. இப்போது நாளுக்கு மூன்று முறை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார். "மாவும் முட்டையும் சேர்த்திருந்தால் கேக் ஆகியிருக்கும்" என்றார். "நான் இப்படிச் செய்திருந்தால் நீ என்னோடு ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாய்."

அதெல்லாம் மரத்துக்கென்று ஊற்றப்படுவதில்லை, முதலில் கடவுளுக்கு ஊற்றப்படுகிறது என்று விளக்கினேன். அவர் வேலைப் பார்த்தார். கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாதவர். ஆயினும் மரியாதை உள்ளவர்.

"அவருக்கு இது ஒத்துக்கொள்கிறதா?"

"அவருக்கு ஒத்துக்கொள்கிறது."

"மரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை."

எவ்வளவு எளிய இரண்டு வாக்கியங்கள். அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு இரண்டு மாதமாக வந்திருக்கவில்லை.

வடைத் தட்டோடு மனைவி வந்தபோது, மரத்தைக் காப்பாற்றும் வழியை விருந்தாளி எனக்குச் சொல்லி முடித்திருந்தார். "என்னவாம்?"

"மண் மாத்தவேணுமாம். வேரைக் கழுவி, முக்கால்வாசிக் கொப்பை வெட்டவேணுமாம். தீர்த்தம் ஊத்திறதை நிப்பாட்டவேணுமாம். இல்லாட்டி மரம் தப்பாது."

தட்டை மேசையில் வைத்தார். விருந்தாளிக்கு முதல் வடையை எடுத்துக் கொடுத்தார். பிறகு எனக்குச் சொன்னார்: "உந்த மனிசிக்கு மரம் தெரியும். என்ர தம்பியைத் தெரியுமே? தீர்த்தம்தான் அவனைப் பிடிச்சு வைச்சிருக்கு. வெட்டுறதெண்டால் முதல் என்னை வெட்டுங்கோ."

மனைவி அதை டேனிஷில் திருப்பிச் சொல்லும்படி கேட்கவில்லை. விருந்தாளியும் கேட்கவில்லை. வடை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் நான் பாடல்களைத் துணைக்கு அழைத்தேன். பாலும் தேனும் வேண்டாம், ஒரு பச்சிலையும் கொஞ்சம் நீரும் போதும் என்ற கருத்து எங்கள் அடியார்களிடம் ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் இருக்கிறது. மனம் நெகிழ்ந்து கொடுக்கும் நீரே பெரிய அபிஷேகம். இதை மனைவிக்கு எடுத்துச் சொல்லி, நாளை முதல் வெறும் நீர் என்று முடித்தேன்.

"அம்பது வருசமாய்ப் பாடினியள்" என்றார். "இப்பதான் விளங்கிச்சுதோ?"

மறுநாள் காலை வெறும் நீர்ச் செம்போடு நான் நிற்கையில், அவரே பாலைக் காய்ச்சாமல் கிண்ணத்தில் கொண்டுவந்து தட்டில் வைத்தார். திருநீற்றையும் வைத்தார். வைத்தவர் போகாமல் நின்றார். ஊற்றினேன்.

சித்திரையில் மரத்தில் பதினேழு இலைகள் மிஞ்சியிருந்தன. நான் எண்ணினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிமித்தம் பார்ப்பதற்காக அன்று என்று அப்போதும் சொல்லிக்கொண்டேன். கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் மக்கள் கூடிப் போரை நிறுத்தக் கோரி நின்ற நாட்கள் அவை. ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரில் இருந்தும் பேருந்து புறப்பட்டது. மகள் தாயை அழைத்துக்கொண்டு போனாள். நான் முழங்கால் நோகிறது என்றேன். அது உண்மையாகவே நொந்தது. ஆனால் காரணம் அதுவன்று. பேருந்து போன சற்று நேரத்தில் என் பழைய மேற்பார்வையாளர் ஒரு மூட்டைப் புதுமண்ணும், இரண்டு கலன் மழைநீரும், கொப்பு வெட்டும் கத்தரிக்கோலுமாக வந்து நின்றார். வரச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தவன் நான். முப்பது ஆண்டுக்கால மணவாழ்வில், என் மனைவிக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம் அது.

மரத்தைக் குளியலறைக்குத் தூக்கிச் சென்று தொட்டியில் கிடத்தினோம். சாடியைக் கழற்றியதும் எழுந்த நாற்றத்தை விவரிக்க மாட்டேன்; அதில் பாதி நைவேத்தியம். வேர்கள் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்றன. அவர் முழந்தாளிட்டு, மழைநீரை ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு வேராகத் தடவிப் பார்த்தார். நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நுனி வெள்ளையாக இருந்தது.

"இது உயிரோடு இருக்கிறது" என்றார். "மற்றவற்றை வெட்டு."

வெட்டினேன். அதற்கேற்ப மேலேயும் வெட்டினேன். பதினேழு இலைகளும் போயின. ஒரு முழ நீளத் தடியும் நான்கு கவட்டுக் குச்சிகளும் எஞ்சின. அதைப் புதுமண்ணில் நட்டுவிட்டு அவர் குளியல் தொட்டியைப் பார்த்தார். கறுத்த சேறு பாதிவரை நின்றது. அடைப்பைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம்" என்றேன்.

"குழாய் அடைத்துவிடுமா?"

"இல்லை. அது கடவுள்மேல் பட்டது. அதை அதற்குள் விட முடியாது."

அடைப்பிலிருந்து கையை எடுத்தார். மூன்று மாதம் ஒரு மரத்துக்கு நஞ்சூட்டியவன், அந்த நஞ்சுக்கு மரியாதை கேட்டு நிற்கிறான். அவர் கேட்டது இவ்வளவுதான்: "உன்னிடம் எத்தனை வாளி இருக்கிறது?"

இரண்டு வாளி இருந்தன. ஆளுக்கொன்றாக, மூன்று மாடி இறங்கி, பின்வேலிச் செடிகளின் அடியில் கொட்டிவிட்டு, மறுபடி ஏறினோம். ஒன்பது நடை. எனக்கு முழங்கால், அவருக்கு இடுப்பு. ஏழாவது நடையில் கட்டடப் பொறுப்பாளர் எதிர்ப்பட்டு, என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார்.

"மண்" என்றார் என் தோழி. "நல்ல சத்தான மண். இவன் எதையும் குறைவாகக் கொடுப்பதில்லை."

இருட்டுவதற்கு முன்பே பேருந்து திரும்பிவிட்டது. மனைவி உள்ளே வந்தபோது குரல் முழுதாக அடைத்திருந்தது. மேல்சட்டையைக் கழற்றாமல் சன்னலருகே போய், தடியின் முன் நின்றார்.

"வெட்டிப்போட்டியள்."

"ஓம்."

"நான் அங்க நிண்டு கத்தின நேரம்."

"ஓம்."

அதன்பின் எனக்குச் சாப்பாடு வழமைபோல் நேரத்துக்கு மேசைக்கு வந்தது. 'இஞ்சேருங்கோ' என்ற அழைப்பு மட்டும் வரவில்லை. படிகளில் சிந்தியிருந்த சேற்றை மறுநாள் காலை அவரே துடைத்தார் என்று பிறகு பொறுப்பாளர் சொல்லி அறிந்தேன். தீர்த்தத்தை அதற்குப்பின் நான் செம்பில் ஏந்திக் கீழே கொண்டுபோனேன். அவர் மறிக்கவில்லை. மரம் இருந்தால்தானே மறிப்பதற்கு.

வைகாசியில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். டேனிஷ் தொலைக்காட்சி அதற்கு வானிலைக்கு முன்பு சிறிது நேரம் ஒதுக்கியது. மனைவி திரையைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்தார். அடுத்து வந்த வாரங்களில் முகாம்களில் இருந்து தெரிந்தவர்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. விபோர்க் நகரில் ஒரு குடும்பத்துக்கு மருமகன் பேசினான். எங்கள் கட்டடத்திலேயே ஒருவருக்குத் தாய் பேசினார். நாங்களும் கேட்காத இடமில்லை. தம்பியைக் கண்டதாக ஒருவர் சொன்னார்; இன்ன நாள் என்று சொல்ல அவரால் முடியவில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. இருப்பவர் பட்டியலிலும் இல்லை, இறந்தவர் பட்டியலிலும் இல்லை.

ஆனியில் ஒரு காலை, நான் பாடிக்கொண்டிருக்கையில், பின்னால் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ."

திரும்பினேன். அவர் தடியின் அருகே குனிந்து நின்றார். நான்கு கவடுகளில் இரண்டில், கடுகளவில், பச்சைத் துளிர்கள் வெடித்திருந்தன.

"அவன் நிக்கிறான்" என்றார்.

அந்த முகத்தை நான் கண்டு ஆறு மாதமாகியிருந்தது. அதைக் கண்ட மகிழ்ச்சியிலேயே, நான் செய்துவிட்டது என்ன என்பதும் எனக்கு விளங்கியது. மரம் செத்திருந்தால் அவர் அழுதிருப்பார். அழுது, ஒருநாள் ஓய்ந்திருப்பார். நான் ஒரு மரத்தைக் காப்பாற்றி, அதே கையால் ஒரு பொய்ச்சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டேன். இனி அது பச்சையாய் நிற்கும் ஒவ்வொரு நாளும் தம்பி உயிரோடிருப்பதாகச் சாட்சி சொல்லும். அதைச் சாகவிடவும் எனக்கு இனி உரிமை இல்லை.

ஆகவே வளர்த்தேன். கண்ணாடிக்கூடத்தில்கூட நான் அப்படி வேலை செய்ததில்லை. பலகணியில் வாளி வைத்து மழைநீர் பிடித்தேன். டென்மார்க் தாராளமாகத் தரும் பொருள் அது ஒன்றுதான். சுண்ணாம்பை முறிக்கும் புளிப்பு உரத்தை அளந்து கரைத்தேன். இலையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பனிக்காலம் வந்தபோது, வெளிச்சம் போதாதென்று மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். அடியவர்க்கு உரியதன்று என்று கால் மணி நேரம் பேசியவன், அந்த நிமித்தத்துக்கு உரமிட்டு, குளிர் படாமல் போர்த்தி வளர்த்தேன். அடுத்த ஆண்டு அது மூன்று காய் காய்த்தது. அவற்றைப் பிடுங்க மனைவி விடவில்லை.

போர் முடிந்து ஓராண்டு கடந்தபோது, கனடாவில் இருந்த அவருடைய மூத்த அண்ணன் என்னை அழைத்தார்.

"மச்சான், வருசம் ஒண்டு போட்டுது. அவன் இனி வாறதெண்டால் வந்திருப்பான். செய்யவேண்டிய கிரியையைச் செய்யாமல் அவனை அந்தரத்தில விடுறது பாவம். நீங்கள் இருந்து பாடினால்தான் எங்களுக்குத் திருப்தி. அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

சாத்திரம் அவர் பக்கம் இருந்தது. மனைவி மரத்தடிக் கதிரையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்டால் மரத்தைக் காட்டினார்.

அப்போதுதான், ஒன்றரை ஆண்டாக நெஞ்சில் வைத்திருந்ததை வெளியே எடுத்தேன்.

"இஞ்சேரும். மரம் நிக்கிறது அவன் நிக்கிறதாலை இல்லை. அது பட்டுப்போனது என்னாலை. சாம்பலும் பாலும்தான் அதைச் சாகப்பண்ணினது. பிறகு தழைச்சதும் என்னாலைதான். மழைத்தண்ணி, உரம், அந்த லைற். அதில வேற ஒண்டும் இல்லை."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் ஒண்டும் விளங்காத விசரி எண்டு நினைச்சியளோ? படியில சேறு துடைச்சது நான். ஒவ்வொரு இலையையும் கண்ணாடி வைச்சு நீங்கள் பாக்கிறதை நான் இதில இருந்து பாக்கேல்லையே?" கீரைத் தண்டை முறித்துக் கிண்ணத்தில் போட்டார். "நஞ்சு ஊத்தினதும் நீங்கள். தூக்கிக் கழுவினதும் நீங்கள். வெறும் தடியாய் நிண்ட நேரமும் ஆரும் அதை விட்டிட்டுப் போகேல்லை. முழங்கால் ஏலாத மனிசன் வாளியோட எத்தனையோ தரம் படியேறியிருக்கிறார். அங்கயும் அப்பிடி ஒரு விசரன் இருந்திருக்கக் கூடாதோ, ஒரு வாளியோட?"

நான் கற்ற பாடல்கள் அனைத்திலும் அதற்கு ஒரு மறுமொழி தேடினேன். இறைவனைப் பற்றியும், அருளைப் பற்றியும், பிறவியைப் பற்றியும் அவை சொல்லாதது இல்லை. வாளியோடு ஓடிவரும் ஒருவனை இல்லை என்று சொல்லும் பாடல் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அப்ப அண்ணைக்கு என்ன சொல்லுறது?"

"இப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எப்ப எண்டு நான் சொல்லுறன்." சிறிது நேரம் கீரையை ஆய்ந்தார். "பிறகு, அந்தச் சாடி சின்னன். வேர் கீழ் ஓட்டையால வருது. நீங்கள் பாக்கேல்லையோ?"

பார்த்திருந்தேன். அவரைக் கேட்காமல் இனி அதைத் தொடக் கூடாதென்று விட்டிருந்தேன்.

சனிக்கிழமை பெரிய சாடி ஒன்று வாங்கி வந்தேன். தரையில் பழைய பத்திரிகைகளை விரித்தோம். நான் மண்ணை இட, மனைவி இரண்டு கையாலும் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நின்றார். காய் மூன்றும் அவருடைய முகத்தருகே ஆடின.

"நேரா நிக்குதோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் உங்கட பக்கம் சாயுது."

நான் என் பக்கத்து மண்ணை அமுக்கினேன்.